சுவாஹிலியில் ஒரு ‘கு’

அன்புள்ள ஆசிரியருக்கு,

மொழியியல் முதுகலை படிக்கிறேன். சுவாஹிலி வினைச்சொற்களைப் பிரிக்கும் பயிற்சியில் ‘கு’ வந்தாலே தடுமாறுகிறேன். ‘அலிகுஓனா’ என்றால் ‘உன்னைப் பார்த்தார்’. இதில் ‘கு’தான் ‘உன்னை’. அப்படியானால் ‘அலிகுஜா’ என்பது ‘உன்னிடம் வந்தார்’ என்று ஆக வேண்டாமா? பாடநூல் வெறும் ‘வந்தார்’ என்கிறது. முன்னொட்டுகளை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டால் போதுமா?

வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மனப்பாடம் போதாது. ஒரே ஒலி வெவ்வேறு வேலை செய்யும் மொழி இது. முதலில் வினையடியைப் பிடியுங்கள். அதற்கு வலப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

தமிழில் ‘வந்தார்’ என்றால் ஆள் கடைசியில் வருகிறார். சுவாஹிலியில் ஆள் முதலில், பிறகு காலம், பிறகு செயப்படுபொருள், அப்புறம்தான் வினையடி. உங்கள் இரண்டு சொற்களிலும் ‘அ’ அவர், ‘லி’ இறந்தகாலம். வேறுபாடு அடியில் இருக்கிறது. ‘ஓனா’ ஈரசை, ‘ஜா’ ஓரசை.

சுவாஹிலியில் அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். வெறும் ‘அலிஜா’ என்றால் அது ‘லி’ மேல் விழ வேண்டும். ஆனால் இந்தக் கால உருபு அழுத்தம் தாங்காது. அதனால் ‘குஜா’ (வருதல்) என்ற வடிவத்தின் ‘கு’ அப்படியே நின்றுவிடுகிறது. அதற்கும் ‘உன்னை’க்கும் சம்பந்தமில்லை. ‘அலிகுலா’ (சாப்பிட்டார்) என்பதும் இப்படித்தான். ஆனால் ‘டுண்டா’ (பழம்) என்பதைச் சுட்டி ‘அதைச் சாப்பிட்டார்’ என்றால் ‘அலிலிலா’. முதல் ‘லி’ காலம், இரண்டாவது ‘லி’ பழம். செயப்படுபொருள் உருபு அழுத்தத்தைத் தாங்குவதால் ‘கு’ விலகிவிடுகிறது. இந்த மொழியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இன்னொரு ‘கு’வும் உண்டு, இறந்தகால எதிர்மறைக்கு. ‘ஹாகுகுஓனா’ என்றால் ‘உன்னைப் பார்க்கவில்லை’. முதல் ‘கு’ எதிர்மறை, அடுத்தது ‘உன்னை’. ‘ஹாகுஜா’வில் (வரவில்லை) இருக்கும் ஒரே ‘கு’ எதிர்மறைதான்.

கடைசி உயிரையும் பாருங்கள். நிகழ்கால எதிர்மறையில் ‘ஆ’ ‘இ’யாக மாறும்: ‘ஹாஓனி’, பார்ப்பதில்லை. ஆனால் அரபியிலிருந்து வந்த ‘ஃபிகிரி’ (யோசி) போன்ற வினைகள் மாறுவதில்லை. ‘அனாஃபிகிரி’ என்றால் ‘யோசிக்கிறார்’. இறுதி ‘இ’யை மட்டும் பார்த்து எதிர்மறை என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

சரி, ‘ஹாவாகுனிஓனா’வை நீங்களே பிரித்துப் பாருங்கள். பொருள், ‘அவர்கள் என்னைப் பார்க்கவில்லை’. எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன்.