கேளுங்கள், சொல்கிறோம்: பிக்கப் டிரக்குக்கு இரட்டை எக்ஸாஸ்ட்

கேள்வி: டெக்சாஸில் 5.0 லிட்டர் வி8 ஃபோர்டு எஃப்-150 ஓட்டுகிறேன். இரட்டை எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) போட்டால் இழுவை கூடுமா? எந்த அளவுக் குழாய் வாங்கலாம்?

பதில்: இழுவை பெரிதாகக் கூடாது, மாறுவது சத்தம்தான். 2.5 அங்குலக் குழாய் இரண்டு தாராளம். இரண்டும் சேர்ந்தால் 3.5 அங்குல ஒற்றைக் குழாயைவிடச் சற்றே அதிகப் பரப்பு. அதற்கு மேல் போவது காசுக்கும் கேடு, காதுக்கும் கேடு! பெட்ரோல் டேங்க் இடப்பக்கம் இருப்பதால், இடக்குழாயை ஆக்சிலுக்குப் பின்னால்தான் இடப்பக்கம் திருப்ப முடியும். அங்கே ஸ்டெப்னி தொங்கும், அதற்கும் இடம் விடுங்கள். பளு ஏற்றி, ஆக்சில் மேலெழும்போது குழாயில் இடிக்கிறதா, டயரும் பிரேக் லைனும் எட்ட இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே வெல்டிங் வையுங்கள். 1,500–2,000 ஆர்பிஎம்மில் கேபினுக்குள் ‘ம்ம்ம்’ என்று குடைந்தால் அந்த ரீங்காரத்தை அடக்கும் ரெசனேட்டர் சேர்க்கலாம். புகையின் நச்சைக் குறைக்கும் கேடலிடிக் கன்வர்ட்டரில் கை வைக்காதீர்கள், அமெரிக்காவில் சட்டவிரோதம். அதற்குப் பின்னிருந்து தொடங்கும் ‘கேட்-பேக்’ செட்டே வாங்குங்கள்.