அப்பாவின் பச்சைக் கார்: பெயர் தெரியும்வரை பெயிண்ட் வேண்டாம்

கேள்வி: அண்ணா, அப்பா தவறி மூன்று மாதம் ஆகிறது. கராஜைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள், துணியில் சுற்றி, பச்சை நிறத்தில் ஒரு ரேஸ் கார் கிடைத்தது. என் உள்ளங்கை நீளம்தான் இருக்கும். ஓட்டுகிறவரின் தலை மட்டும் வெளியே தெரிகிறது. மூக்குக்கு அடியில் செம்புக் கம்பித் துணுக்குகள் இரண்டு நீட்டிக்கொண்டிருக்கின்றன. அடித்தட்டில் ‘ட்ரையாங்’, ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று இருக்கிறது, ‘சி’ என்ற எழுத்தும் 55 என்ற எண்ணும் மங்கலாகத் தெரிகின்றன. பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் 7 என்று கையால் எழுதியிருக்கிறது. அது அப்பாவின் எழுத்துதான், அவர் 7-க்குக் குறுக்கே ஒரு கோடு போடுவார். கேட்டோ மேனர் வீட்டிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கு வந்த சாமான்களோடு வந்தது என்று அம்மா சொல்கிறார். டயர் கல்லாகிவிட்டது, ஓடவில்லை. என் அண்ணன் பேனல்பீட்டர் கடை, அதாவது நசுங்கிய காரைத் தட்டிச் சரிசெய்து பெயிண்ட் அடிக்கும் கடை, வைத்திருக்கிறார். “கொடு, மத்தியானத்துக்குள் ஸ்ப்ரே அடித்துப் புதுசாக்கிவிடுகிறேன்” என்கிறார். கொடுக்கலாமா? இது என்ன கார்?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: கொடுக்காதீர்கள், தங்கச்சி. அண்ணன் மேல் கோபம் வேண்டாம், அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் அவர் கடையில் இருப்பது இரும்புத் தகட்டுக்கான பெயிண்டும் தின்னரும். உங்கள் கையில் இருப்பது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். தின்னர் பட்டால் அது வெல்லப்பாகு மாதிரி இளகிப்போகும். நான் சின்ன வயதில் ஒரு காரின் மூக்கை இப்படித்தான் கெடுத்தேன். ஒட்டியிருந்த பழைய பெயிண்டை எடுக்கலாம் என்று பஞ்சில் தின்னரைத் தொட்டு ஒரே ஒரு தடவை துடைத்தேன், விரல்ரேகை அப்படியே பிளாஸ்டிக்கில் பதிந்துவிட்டது. இன்றைக்கும் அந்தக் காரை எடுத்துப் பார்த்தால் மனசு சங்கடப்படும்.

சரி, காருக்கு வருவோம். நீங்கள் அடியில் படித்தது சரியாக இருந்தால் இது ஸ்கேலெக்ஸ்ட்ரிக் கம்பெனியின் வான்வால். அதன் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரின் வயது அதில்தான் இருக்கிறது. ஃப்ரெட் ஃப்ரான்சிஸ் என்பவர் இங்கிலாந்தின் ஹேவன்ட் ஊரில் மினிமாடல்ஸ் என்ற பெயரில் சாவி கொடுத்து ஓட்டும் தகரக் கார்களைச் செய்துகொண்டிருந்தார். அவற்றுக்கே மின்மோட்டார் வைத்து, பள்ளம் வெட்டிய ரப்பர் தடத்தில் ஓடவிட்டு, 1957-ல் ஹாரோகேட் பொம்மைச் சந்தையில் காட்டினார். அதுதான் ஸ்கேலெக்ஸ்ட்ரிக். மறு வருஷமே கம்பெனியை லைன்ஸ் பிரதர்ஸுக்கு விற்றுவிட்டார், அவர்களுடைய வியாபாரப் பெயர்தான் ட்ரையாங். முதல் கார்கள் தகரம். 1960-ல்தான் பிளாஸ்டிக் உடம்பு வந்தது, அதில் முதலில் வந்தவை இரண்டு: சி 54 லோட்டஸ், சி 55 வான்வால். ஆகவே உங்கள் கார் 1960-க்கு முந்தியது இல்லை. அப்பாவுக்கு அப்போது என்ன வயது என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், அவர் எந்த வயதில் இதை வைத்து விளையாடினார் என்பது கிட்டத்தட்டத் தெரிந்துவிடும்.

நிஜ வான்வாலும் சாதாரணக் கார் இல்லை. பேரிங் செய்து விற்ற டோனி வான்டர்வெல் என்பவரின் கார் அது. அவர் பெயரின் முன்பாதியையும் அவருடைய ‘தின்வால்’ பேரிங்கின் பின்பாதியையும் சேர்த்தால் வான்வால். 1957-ல் எய்ன்ட்ரீ தடத்தில் ஸ்டிர்லிங் மாஸும் டோனி புரூக்ஸும் ஒரே காரைப் பகிர்ந்து ஓட்டி பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயை ஜெயித்தார்கள். 1958-ல் கார் கட்டுகிறவர்களுக்கான உலகப் பட்டத்தை முதன்முதலாகக் கொடுத்தபோது அதை வாங்கியதும் வான்வால்தான். நீர்த்துளி மாதிரி வழவழவென்று நீண்ட மூக்கு, ஓட்டுகிறவரின் தலைக்குப் பின்னால் உயர்ந்து போகும் வால், பக்கவாட்டில் ஓடும் நீண்ட புகைக்குழாய், இந்த மூன்றும் உங்கள் காரில் இருக்கிறதா பாருங்கள். அடித்தட்டின் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். பிள்ளைகள் ஒரு காரின் உடம்பை இன்னொரு காரின் அடித்தட்டில் மாட்டிவிடுவது அந்தக் காலத்தில் சகஜம்.

இன்னொரு சோதனை, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அடியிலுள்ள திருகைச் சரியான அளவு ஸ்க்ரூடிரைவரால் மெதுவாகக் கழற்றி, உடம்பைத் தூக்கி, அதன் உள்பக்கத்தைப் பாருங்கள். இந்தக் கார்களுக்கு வெளியே நிறம் அடிப்பதில்லை, பிளாஸ்டிக்கிலேயே நிறம் கலந்து வார்ப்பார்கள். உள்ளேயும் அதே பச்சை என்றால் அது ஃபேக்டரி பச்சை. உள்ளே சிவப்போ நீலமோ இருந்தால் பச்சையை அடித்தது உங்கள் அப்பா. எதுவாக இருந்தாலும் அண்ணனின் ஸ்ப்ரே அதை மூடிவிடும், இப்போது புரிகிறது இல்லையா? ஃபேக்டரி நிறமென்றால் அறுபது வருஷத்துக்கு மேல் நின்ற நிறம் போய்விடும். அப்பா அடித்ததென்றால் அவர் கை போய்விடும்.

திருகுவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். திருகிய பிறகு ஒவ்வொரு ஒயரும் எங்கே போகிறது என்று இன்னொரு போட்டோ. கழன்று வருவதையெல்லாம் ஒரு வெள்ளைத் தட்டில் வையுங்கள், சமையலறைத் தட்டே போதும், கறுப்புத் துண்டுகள் அதில் பளிச்சென்று தெரியும்.

ஓட வைப்பது பற்றி. உடனே கரண்ட் கொடுக்காதீர்கள். முதலில் பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். கரகரவென்று நின்று நின்று சுற்றினால் பழைய எண்ணெய் பிசினாகியிருக்கிறது என்று அர்த்தம். நம் டர்பன் கடல்காற்றில் ஆக்சில் துருவும் பிடித்திருக்கும், ஜோகன்னஸ்பர்க் பக்கம் கிடைக்கிற கார்களில் இவ்வளவு துரு பார்க்க முடியாது. துருவை மிக மெல்லிய எஃகு நாரால் எடுக்கலாம், ஆனால் மோட்டாரைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு. அதன் காந்தம் நாரின் ஒவ்வொரு இழையையும் இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளும், அப்புறம் எடுக்கவே முடியாது.

மோட்டாரில் செம்பு நிறத்தில் ஒரு சின்ன உருளை இருக்கும், அதன்மேல் கார்பன் துண்டுகள் உரசும். கம்யூட்டேட்டர் என்பது அதுதான். காது குடையும் பஞ்சுக்குச்சியில் பார்மசியில் கிடைக்கும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, அந்த உருளையைச் சுற்றிச் சுற்றித் துடையுங்கள். முதல் பஞ்சு அடுப்புக்கரி மாதிரி வரும், மூன்றாவது நாலாவது பஞ்சில் செம்பு மினுங்கத் தொடங்கும். நம் ஊர் ஊதா நிற மெத்திலேட்டட் ஸ்பிரிட்டை எடுக்காதீர்கள், சாயம் கலந்தது, வெளிர் பிளாஸ்டிக்கில் பட்டால் கறை நிற்கும். பிறகு தையல் மிஷின் எண்ணெயை ஊசிமுனையில் தொட்டு, மோட்டார் தண்டு இரண்டு பக்கமும் உட்காரும் இடத்தில் ஒரு சொட்டு, ஆக்சில் உட்காரும் இடங்களில் ஒரு சொட்டு, அவ்வளவுதான். கம்யூட்டேட்டரில் எண்ணெய் படவே கூடாது. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், கொஞ்ச நாளில் பிசுபிசுத்துப் பழைய நிலைக்கே போய்விடும்.

இப்போது சதுர 9 வோல்ட் பேட்டரி ஒன்று எடுத்து, இரண்டு ஒயரால் அந்தச் செம்புத் துணுக்குகளைத் தொடுங்கள். இந்தக் கார்கள் 12 வோல்ட் டிசி-க்கு, அதாவது பேட்டரி தருவது போல ஒரே திசையில் ஓடும் கரண்டுக்கு, செய்தவை, 9 வோல்ட்டில் நிதானமாக ஓடும். சக்கரம் பின்பக்கமாகச் சுற்றினால் பயப்படாதீர்கள், ஒயரை மாற்றித் தொட்டால் சரியாகிவிடும். மோட்டார் சுற்றுகிறது, சக்கரம் சுற்றவில்லை என்றால் மோட்டார் தண்டிலிருக்கும் சின்னப் பல்சக்கரம், பினியன் என்பார்கள், விண்டிருக்கும். பழைய பிளாஸ்டிக் சுருங்கித் தண்டை இறுக்கி வெடித்துவிடும், இது எல்லாருக்கும் வருகிற கோளாறு. பினியன், செம்புப் பின்னல், டயர் எல்லாம் பழைய அளவிலேயே புதிதாகச் செய்து விற்கிறார்கள். பழைய டயரை மட்டும் தூக்கி எறியாதீர்கள், ஒரு காகித உறையில் போட்டு எந்தக் காருடையது என்று எழுதி வையுங்கள். கல்லாகிவிட்ட டயரை வெந்நீரில் போட்டால் பழைய இளக்கம் வரும் என்று சொல்வார்கள், வராது.

உடம்புக்கு வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, மெத்தென்ற பல்துலக்கும் பிரஷ். அந்த 7-ஐ மட்டும் தொடாதீர்கள். அதைச் சுற்றி வந்துவிடுங்கள். முன்கண்ணாடி தளர்ந்திருந்தால் சூப்பர் க்ளூ வைக்க வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியைப் பால் மாதிரி வெளுக்க வைத்துவிடும். தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசை போதும்.

அண்ணனுக்கும் ஒரு வேலை கொடுங்கள். அவர் கடையில் நல்ல பாலிஷ் துணி இருக்கும், தேய்க்கப் பழகிய கையும் இருக்கும். எந்த மருந்தும் இல்லாமல், வெறும் துணியால், 7 இல்லாத பக்கத்தை அவர் பளபளப்பாக்கட்டும்.

கேள்வி: பழைய சாமான் சந்தையில் ஒரு மினி கார் வாங்கினேன். ஸ்லாட் கார்தான், அதாவது தடத்தின் பள்ளத்தில் ஓடும் மின்கார், அடியில் அந்தப் பள்ளத்தில் இறங்கும் கைடு இருக்கிறது, ஆனால் எங்கேயும் பெயர் இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகர், லெனேசியா

பதில்: ஸ்கேல் எடுங்கள். முன்சக்கரத்தின் நடுவிலிருந்து பின்சக்கரத்தின் நடு வரை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். நிஜ மினியில் அந்தத் தூரம் 2036 மில்லிமீட்டர். ஸ்லாட் கார்களை நிஜக் காரில் 32-ல் ஒரு பங்கு அல்லது 24-ல் ஒரு பங்கு அளவில் செய்வார்கள். 32-ஆல் வகுத்தால் 64-க்கு ஒரு நூல் குறைவாக வரும், 24-ஆல் வகுத்தால் 85-க்குக் கொஞ்சம் குறைவு. 64 பக்கத்தில் வந்தால் ஸ்கேலெக்ஸ்ட்ரிக், ஏர்ஃபிக்ஸ், ஸ்ட்ராம்பெக்கர் போன்றவர்கள் செய்த வீட்டுத் தட அளவு. 85 என்றால் கடைகளில் போட்டிருந்த பெரிய தடங்களுக்கான கார். இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பொருட்படுத்தாதீர்கள், மோட்டாருக்கு இடம் வேண்டுமென்று அந்தக் காலத்தில் உடம்பைக் கொஞ்சம் இழுத்துவிடுவார்கள். அடுத்து மோட்டாரைப் பாருங்கள். மூடிய தகரக் கூட்டுக்குள் இருந்து, மேலே ‘மபூச்சி’, ‘ஜப்பான்’ என்று இருந்தால் அது மோட்டார் செய்தவரின் பெயர், கார் செய்தவரின் பெயர் இல்லை, பல கம்பெனிகள் அதை வாங்கிப் போட்டன. இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். பெயர் இல்லாத உடம்பும் மபூச்சி மோட்டாரும் சேர்ந்து வந்தால், யாரோ தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே கட்டிய காராகவும் இருக்கலாம். அதைக் குறைவாக நினைக்காதீர்கள். சால்டரிங் வைத்த இடங்களைப் பாருங்கள், கட்டியவரின் கைப்பக்குவம் அங்கே தெரியும்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து பெரியப்பா கொண்டுவந்த பெட்டி. அரோரா என்று போட்டிருக்கிறது. கட்டைவிரல் நீளத்தில் இரண்டு கார்கள், தட்டையான இரண்டு முனை பிளக்கோடு ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அடாப்டர் போட்டு மாட்டலாமா? காரில் ஒன்றைப் பேட்டரியில் தொட்டால் ஓடுகிறது, மற்றது அசையவே இல்லை.
– ஒரு வாசகர், மாரிட்ஸ்பர்க்

பதில்: மாட்டவே கூடாது. அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. அங்கே 120, இங்கே 230. சில நிமிஷத்தில் புகைந்துவிடும், தீயும் பிடிக்கலாம். இங்கிலாந்து டிரான்ஸ்ஃபார்மராக இருந்தால் வோல்ட் பொருந்தும், ஆனாலும் அந்தக் காலத்து ஒயரின் உறை காய்ந்து உதிர்ந்திருக்கும், அதையும் மாட்டச் சொல்லமாட்டேன். பெட்டியோடு அழகுக்கு வையுங்கள்.

அசையாத கார் கெட்டுப்போனது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அரோரா 1960-ல் அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய முதல் கார்களில் சுற்றுகிற மோட்டாரே கிடையாது. ஒரு கம்பிச்சுருள், அதன் எதிரில் துடிக்கும் ஒரு தகடு, அந்தத் துடிப்பு பல்சக்கரத்தைத் தட்டித் தட்டி நகர்த்தும். ‘வைப்ரேட்டர்’ என்றே பெயர், ஓடும்போது தேனீ மாதிரி ரீங்காரமிடும். அதற்குத் திசை மாறி மாறி ஓடும் ஏசி கரண்ட் வேண்டும், பேட்டரியில் எந்தக் காலத்திலும் ஓடாது. ஓடுகிற கார் 1963-ல் வந்த தண்டர்ஜெட் ஆக இருக்கும். உடம்பைத் தூக்கினால் தோசை மாதிரிப் படுத்திருக்கும் தட்டையான ஆர்மேச்சரும் (மோட்டாரில் சுற்றுகிற பகுதி), அதன் மேலே வரிசையாகப் பல்சக்கரங்களும் தெரியும். இரண்டையும் ஒரே தடத்தில் ஒரே நேரத்தில் விடாதீர்கள், தண்டர்ஜெட்டுக்கு டிசி-தான்.

உங்கள் ஊரில்தான் நிஜக் கார்கள் ஓடிய ராய் ஹெஸ்கெத் ரேஸ் தடம் இருந்தது, 1981-ல் மூடும்வரை அங்கே ரேஸ் பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரியப்பாவின் பெட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் முன்னால் திறந்து பாருங்கள். பெட்டியின் அட்டையை மட்டும் கவனமாக வையுங்கள். இராமபாணப் பூச்சிக்கு அந்தப் பசை ரொம்பப் பிடிக்கும். ரப்பர் டயரோ வளைகிற பிளாஸ்டிக் ஒயரோ காரின் உடம்பில் பட்டபடி மூடி வைக்காதீர்கள், வருஷம் போகப்போக அது உடம்பை அரித்துப் பள்ளமாக்கிவிடும். நடுவில் ஒரு மெல்லிய பருத்தித் துணி போதும்.