தோள் சுழல்தசைகளுக்குக் கேபிள் பயிற்சி: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஜிம்மில் பலரும் நின்றபடியே டம்பெல்லைப் பிடித்து, முன்கையை உள்ளும் வெளியுமாகத் திருப்புகிறார்கள். கேபிள் மெஷினில்தான் செய்ய வேண்டுமா?

பதில்: நின்ற நிலையில் டம்பெல்லின் எடை கீழ்நோக்கி மட்டுமே இழுக்கிறது, தோள் திரும்பும் திசையில் எந்த எதிர்ப்பும் இல்லாததால், முழங்கையை மடக்கி வைத்திருக்கும் பைசெப்ஸ்தான் களைப்படைகிறது. கேபிளின் கப்பியை முழங்கை உயரத்தில் நிறுத்தி, மெஷினுக்குப் பக்கவாட்டாக நின்று, தொலைவில் உள்ள கையால் பிடியை வெளிப்புறம் இழுத்தால், இழுவிசை கிடைமட்டமாக அமைகிறது. அப்போதுதான் தோளை வெளிப்புறம் திருப்பும் இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டீரிஸ் மைனர் ஆகிய இரு சுழல்தசைகளும் உழைக்கின்றன. டம்பெல் மட்டுமே இருந்தால், ஒருக்களித்துப் படுத்து, மேலே உள்ள கையால் செய்யுங்கள்.

கேள்வி: அக்குளில் துண்டு வைப்பது எதற்காக?

பதில்: முழங்கை உடலைவிட்டு விலகினால் துண்டு விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். அதை இறுக்கி நெரிக்க வேண்டியதில்லை.

கேள்வி: பெஞ்ச் பிரஸ்ஸில் 80 கிலோ தூக்குகிறேன். இதற்கு எவ்வளவு எடை வைக்கலாம்?

பதில்: அந்த 80 கிலோவை இங்கே மறந்துவிடுங்கள். இடுப்பைத் திருப்பாமல், மணிக்கட்டை வளைக்காமல், 15 முதல் 20 முறை நிதானமாகச் செய்ய முடிகிற எடையே உங்களுக்குரியது. முதல் தட்டே கனமாகத் தோன்றினால் ரப்பர் பேண்டுக்கு மாறுவதில் வெட்கமில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள்கள் போதும். ஆனால் இத்தசைகளைக் களைப்படையச் செய்துவிட்டுக் கனமான பிரஸ் பயிற்சிக்குப் போகாதீர்கள். மூட்டுப் பந்தைக் குழியின் நடுவில் நிறுத்துவது இவற்றின் பொறுப்பு என்பதால், இவற்றைப் பயிற்சியின் இறுதியில் வைப்பதே என் பரிந்துரை.

கேள்வி: உட்புறம் திருப்பும் பயிற்சியும் அதே அளவு தேவையா?

பதில்: மார்புத் தசையும் முதுகின் லாட் தசையும் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்வதால், குறைவாகச் செய்தால் போதும்.

கேள்வி: எனக்கு 48 வயது, சர்க்கரை நோய் உண்டு. கையைப் பக்கவாட்டில் தூக்கினால் வலிக்கிறது. இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. தொடங்கலாமா?

பதில்: முதலில் எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். தசைநார்க் கிழிசலாகவும் இருக்கலாம்; சர்க்கரை நோயாளிகளிடம் அதிகம் காணப்படும் உறைதோளாகவும் (தோள் மூட்டு இறுகி அசைவு குறையும் நிலை) இருக்கலாம். பிறர் பிடித்துத் திருப்பினாலும் கை வெளிப்புறம் திரும்ப மறுத்தால் உறைதோள் என்று ஐயப்பட இடமுண்டு; அந்த நிலையில் கேபிளை வலிந்து இழுப்பது வலியைக் கூட்டிவிடும்.