6 மதிப்பெண் வந்தால் ஆயுள் 20 வருடம் குறையுமா?

வணக்கம். அப்பாவின் குடியையும் அடியையும் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். குழந்தைப் பருவத்தில் எத்தனை வகைத் துன்பங்கள் நேர்ந்தன என்று எண்ணும் சோதனையில் 6 வந்தது, ‘20 வருடம் முன்னதாகவே சாவு’ என்று படித்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது என்கிறீர்கள். அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள்.

அது 2009இல் வெளியான கணக்கு. அமெரிக்காவின் சான் டியாகோவில் 1995 முதல் 1997 வரை 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் சிறுவயது பற்றிக் கேட்டார்கள். 2006 முடிவதற்குள் 1,539 பேர் இறந்திருந்தார்கள். அப்படி இறந்தவர்களில், 6 அல்லது அதற்கு மேல் வந்தவர்களின் சராசரி வயதை 0 வந்தவர்களின் சராசரி வயதோடு ஒப்பிட்டபோது வந்ததுதான் அந்தச் சுமார் 20 வருடம். உயிரோடு இருந்த மிகப் பெரும்பான்மையோர் அந்தச் சராசரிக்குள் வரவே இல்லை! இந்த மதிப்பெண்ணை வைத்துத் தனி ஒருவரின் எதிர்காலத்தைக் கணிக்கக் கூடாது என்று ஆய்வை நடத்திய ராபர்ட் ஆண்டாவே 2020இல் எழுதினார். கொடுமை எத்தனை வருடம் நீடித்தது, அணைத்துக்கொள்ள ஒரு பாட்டியாவது இருந்தாரா என்பதையெல்லாம் அது கேட்பதில்லை.

அதற்காகப் பாதிப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். கேட் திறக்கும் சத்தத்துக்கு இன்றும் நெஞ்சு படபடக்கிறது என்கிறீர்களே, அன்று உடம்பு பழகிக்கொண்ட எச்சரிக்கை அது. பதற்றத்தில் சுரக்கும் ஹார்மோன்களான அட்ரினலினும் கார்ட்டிசாலும் அடிக்கடி ஏறினால் தூக்கமும் ரத்த அழுத்தமும் கெடும். ஆனால் இதற்குச் சிகிச்சை உண்டு.

பிரஷர், சுகர் பாருங்கள். டாக்டரிடம் பழைய கதையையும் சொல்லுங்கள், அதிர்ச்சிக்கான மனநல சிகிச்சை பற்றிக் கேளுங்கள். அப்புறம், இந்தியாவில் இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம். தமிழிலேயே பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.