கேளுங்க சொல்றோம்: பாரிமுனைல ஒரு கிரேக்கக் கோயில்

கேள்வி: பாரிமுனைல என்.எஸ்.சி. போஸ் ரோடு வழியா பஸ்ல போறப்போ, பெரிய பெரிய தூணோட கிரேக்கக் கோயில் மாதிரி ஒரு பழைய பில்டிங் தெரியுதே, அது கோர்ட்டா, சர்ச்சா?
(வாசகி, திருவொற்றியூர்)

பதில்: ரெண்டும் இல்லங்க, பள்ளிக்கூடத்துக்குனு கட்டுனது! பச்சையப்பன் ஹால். 1846ல ஆரம்பிச்சு 1850ல முடிச்சாங்க. நீங்க கோயில்னு சொன்னது கரெக்ட்தான், ஏதென்ஸ்ல இருக்கற தீசியஸ் கோயில்தான் இதுக்கு மாடல் (அது நிஜத்துல கொல்லர் சாமி ஹெஃபைஸ்டஸோட கோயிலாம், ஆனா பழைய பேரே ஒட்டிக்கிச்சு). அந்தக் கோயிலையெல்லாம் வெள்ளைக்காரங்க அளந்து வரைஞ்சு புஸ்தகமா போட்டதுலேர்ந்து எங்க பாத்தாலும் இதே மோகம்தான், எடின்பரோல 1829ல தாமஸ் ஹாமில்டன் முடிச்ச ராயல் ஹை ஸ்கூலுக்கும் இதே கோயில்தான் மாடல்னா பாத்துக்கங்களேன். அங்க கல்லு கெடச்சுது. நம்ம மெட்ராஸ்ல அந்தக் காலத்துல செங்கல்லுல தூணை எழுப்பி, மேல கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பூசி, கூழாங்கல்லால வழவழனு ஆகற வரைக்கும் தேய்ச்சுக்கிட்டே இருப்பாங்க, தூரத்துல பாத்தா பளிங்குன்னே நெனப்போம்.

கேள்வி: அப்போ காசு போட்டது கவர்மென்ட்டா?
(அதே வாசகி)

பதில்: அதான் இல்ல! பச்சையப்ப முதலியார் துபாஷா (வெள்ளைக்காரங்களுக்கு மொழிபெயர்ப்பாளரா, வியாபாரத் தரகரா) இருந்து சம்பாதிச்ச காசு. 1794ல நாப்பது வயசுலயே போய்ட்டாரு, சொத்தைக் கோயில் தர்மத்துக்குன்னு உயில் எழுதி வச்சுட்டு. அப்புறம் என்ன, வழக்கம்போல கேஸு, இழுபறி, வருஷக்கணக்கா பணம் கோர்ட்லயே கெடந்துச்சு. அட்வகேட் ஜெனரலா இருந்த ஜார்ஜ் நார்ட்டன் இதுல ரொம்ப மெனக்கெட்டாரு, கோயில் தர்மத்துக்கு ஒதுக்குனது போக மிச்சம் படிப்புக்குன்னு ஆகி 1842ல ஸ்கூல் ஆரம்பிச்சாங்க. ஹாலுக்கு அடிக்கல் நாட்டுனதும் அவரேதான். என்னைக் கேட்டா, சாமிக்குன்னு வச்ச காசுல பள்ளிக்கூடம் வந்து அதுவும் கோயில் மாதிரியே நிக்கறதுதான் இதுல செம விஷயம், தூணெல்லாம் அப்புறம்.

கேள்வி: அங்க படிச்ச பெரிய ஆளுங்க?
(மாணவர், ராயபுரம்)

பதில்: அந்த ஸ்கூல்தான் பின்னாடி பச்சையப்பன் காலேஜாச்சு. கணித மேதை ராமானுஜன் 1906ல அங்க சேந்தாரு, கணக்குல புலி, மத்த பாடத்துல கோட்டை விட்டு எஃப்.ஏ. (பி.ஏ.வுக்கு முந்தின ரெண்டு வருஷப் படிப்பு) பெயிலு. அறிஞர் அண்ணாவும் பச்சையப்பன் ஸ்டூடன்ட்தான். காலேஜ் 1940லயே சேத்துப்பட்டுக்குப் போயிடுச்சு. ஹாலைப் பாக்கணும்னா ஹைகோர்ட் பக்க பிளாட்பாரத்துல நின்னு அண்ணாந்து பாருங்க, கிட்டக்க போனா கூட்டத்துல ஒண்ணும் தெரியாது.