ஆளில்லாத வீட்டில் சோபாவில் ஏறிப் படுக்கும் நாய்: என்ன செய்யலாம்?

கேள்வி: வணக்கம் டாக்டர் ஐயா. சாத்தூர் பக்கம் கிராமம். மானாவாரியில் உளுந்து, மக்காச்சோளம், பருத்தி போடுகிறோம். வீட்டில் 2 வயது சிப்பிப்பாறை பெட்டை இருக்கிறது, பெயர் ராணி. நானும் வீட்டுக்காரியும் காலையில் காட்டுக்குப் போனால் திரும்ப நாலு மணி ஆகிவிடும். நாங்கள் வீட்டில் இருக்கும்வரை ராணி சோபா பக்கமே போவதில்லை. நாங்கள் கிளம்பியதும் ஏறிவிடுகிறாள். தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டதும் இறங்கிவிடுவாள் போல. கதவைத் திறந்து கையை வைத்துப் பார்த்தால் மெத்தை சூடாகவே இருக்கிறது, பள்ளமும் விழுந்திருக்கிறது, துணி முழுக்க முடி. அம்மாவின் கட்டிலையும் விடுவதில்லை. எங்களைப் பார்த்ததும் தலையைத் தொங்கப்போட்டு மூலையில் ஒண்டுகிறாள். தப்பு என்று தெரிந்தே செய்கிறாள்தானே? அடித்தும் பார்த்துவிட்டோம். பொருள் எதையும் கடிப்பதில்லை, ஊளையிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பையன் டிவி பார்க்கும்போது அவளைச் சோபாவில் தன் பக்கத்தில் ஏற்றிக்கொள்வான். மிளகாய்ப்பொடி தூவச் சொல்கிறார்கள். செய்யலாமா, இல்லை பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டிவிடலாமா?

பதில்: மிளகாய்ப்பொடி வேண்டாம். பகல் முழுக்கக் கட்டவும் வேண்டாம். இரண்டும் இல்லாமலே இதைச் சரிசெய்யலாம்.

நீங்கள் சொல்லிக்கொடுத்ததை ராணி நன்றாகவே கற்றிருக்கிறாள். நீங்கள் இருக்கும்போது ஏறினால் திட்டு விழும், அதனால் ஏறுவதில்லை. நீங்கள் இல்லாதபோது ஏறினால் ஒன்றும் ஆவதில்லை. ஏறிய அந்த நொடியே மெத்தென்ற இடம் கிடைக்கிறது, உங்கள் வாசனை கிடைக்கிறது, ஜன்னல் வழியாக வாசல் தெரிகிறது. திட்டு வருவதோ சாயங்காலம் நாலு மணிக்கு. நாய்க்கு ஒரு செயலும் அதன் பலனும் ஒன்றிரண்டு நொடிக்குள் சேர்ந்து வந்தால்தான் இதனால் அது என்று புரியும். பத்து மணிக்கு ஏறியதற்கு நாலு மணிக்கு அடித்தால், அடி எதற்கு என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. நீங்கள் வாசலில் நுழைந்ததற்குத்தான் அடி விழுந்தது என்று எடுத்துக்கொள்ளும்.

தலையைத் தொங்கப்போடுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நியூயார்க்கில் பர்னார்ட் கல்லூரியில் நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்பவர் 14 நாய்களை வைத்துச் செய்த ஆய்வு 2009-இல் வெளியானது. தின்பண்டத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டு வளர்ப்பவர் அறையைவிட்டு வெளியே போவார். திரும்பி வரும்போது, நாய் தின்றதா இல்லையா என்று அவரிடம் சில சமயம் உண்மையையும் சில சமயம் பொய்யையும் சொன்னார்கள். தின்ற நாய், தின்னாத நாய் என்ற வித்தியாசம் அந்த முகத்தில் தெரியவில்லை. திட்டு வாங்கிய நாய்தான் அப்படிப் பார்த்தது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. ராணியின் முகமும் அதுதான். உங்கள் நடையையும் குரலையும் வைத்து, அடி வரப்போகிறது என்று தெரிந்துகொண்டு பணிந்து போகிறாள். இதைத் திமிர் என்று நினைத்து மூலையில் ஒண்டியிருப்பவளை இழுத்து அடித்தால், ஒருநாள் பயத்தில் திரும்பிக் கவ்விவிடுவாள். தயவுசெய்து இன்றோடு அதை நிறுத்திவிடுங்கள்.

சரி, ஆள் இல்லாத நேரத்தில் வாயால் காவல் காக்க முடியாது, வீட்டை அடைத்துத்தான் காக்க முடியும். கட்டில் கிடக்கும் அறைக்குக் கதவு இருந்தால் கிளம்பும்போது சாத்திவிடுங்கள், பாதி வேலை முடிந்தது. சோபா கிடக்கும் இடத்தைச் சாத்த முடியாது என்றால், மெத்தைகளை எடுத்து உள்ளறையில் வைத்துவிட்டு, வெறும் இருக்கையின் மேல் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கால் மேலே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். ஆட்டிப் பார்த்து, அவள் மேல் சரியாதபடி வைக்க வேண்டும். முயல் விரட்டிய இனம், இடுப்பளவுத் தடுப்பையெல்லாம் ஓடிவராமலே தாண்டிவிடும். அதனால் குறுக்கே பலகை வைத்து மறிப்பதைவிட, ஏறினாலும் படுக்க இடமில்லாமல் செய்வதே நல்லது. இதைச் சில மாதங்களுக்கு ஒருநாள் விடாமல் செய்யுங்கள். நடுவில் ஒருநாள் மறந்தாலும் போதும், பழைய பழக்கம் திரும்பிவிடும்.

அடைப்பது மட்டும் போதாது. அவள் எங்கே படுப்பது? இதுதான் முக்கியமான கேள்வி, பெரும்பாலான வீடுகளில் இதை யாரும் கேட்பதே இல்லை. சிப்பிப்பாறை ஒல்லி உடம்பு. தோலுக்கடியில் கொழுப்பு மிகவும் குறைவு, முடியும் கட்டை. சிமெண்ட் தரையில் படுத்தால் எலும்பு நேராகத் தரையில் அழுத்தும். இன்று சாயங்காலம் ராணியின் முன்னங்கால் முழங்கையைத் தடவிப் பாருங்கள். முடி உதிர்ந்து, தோல் தடித்து, கறுத்துக் காய்ப்புக் காய்த்திருந்தால் தரை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். சில நாய்களுக்கு அந்த இடத்தில் மெத்தென்று எலுமிச்சை அளவுக்கு நீர்க்கட்டி வரும். வலி இருக்காது. அதை ஊசியால் குத்தி நீர் எடுக்க யாரையும் விடாதீர்கள், சீழ் பிடித்துவிடும். மெத்தையில் படுக்கவைத்தாலே ஆரம்பக் கட்டத்தில் பெரும்பாலும் தானாக வடிந்துவிடும். ராணி சோபாவைத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கடையில் விற்கும் நாய்ப் படுக்கைக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. பழைய கயிற்றுக் கட்டில் ஒன்று எல்லா வீட்டிலும் மூலையில் கிடக்கும். அதன் காலை ஒரு ஜாண் உயரத்துக்கு அறுத்துவிடுங்கள். அடியில் காற்று ஓடும், சித்திரை வெயிலில் தரைச் சூடும் மேலே ஏறாது. மேலே சணல் சாக்கை இரண்டாக மடித்து, நடுவில் பழைய நூல் சேலையை வைத்துத் தைத்துப் போடுங்கள். உர மூட்டைச் சாக்கு கூடாது, விதைநேர்த்தி செய்த பருத்தி விதை வந்த பையும் கூடாது. எத்தனை முறை அலசினாலும் இழைக்குள் மருந்து தங்கியிருக்கும், நாய் அதை நக்கும். வைக்கோலோ நார்க்கழிவோ திணிப்பதாக இருந்தால் அடிக்கடி மாற்ற வேண்டும். ஈரம் பிடித்தால் பூஞ்சணமும் உண்ணியும் சேர்ந்துவிடும்.

அந்தக் கட்டிலைக் கொல்லைப்புறத்தில் போடாதீர்கள். சோபா இருக்கும் அதே கூடத்தில், வாசல் தெரியும் ஜன்னலோரமாகப் போடுங்கள். அவள் சோபாவைத் தேர்ந்தெடுத்ததே வாசலைப் பார்த்துக்கொண்டு படுக்கத்தான். நீங்கள் உடுத்திய லுங்கி ஒன்றைத் துவைக்காமல் அதன் மேல் விரித்துவிடுங்கள், அந்த வாசனைக்கே போய்ப் படுப்பாள். பக்கத்தில் அகலமான மண்சட்டியில் தண்ணீர் இருக்கட்டும்.

அப்புறம் பழக்குவது. இதை நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில், பசி வேளையில் செய்ய வேண்டும். அவித்த முட்டையைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலில் ஒரு துண்டைப் போடுங்கள். ராணி தானாக ஏறி எடுப்பாள். நாலு காலும் மேலே வந்த அந்த நொடியில் இன்னொரு துண்டு. அவள் ஏறும்போதெல்லாம் ‘உன் இடம்’ என்று ஒரே சொல்லைச் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் அதே சொல்லைத்தான் சொல்ல வேண்டும். ஆளுக்கொரு சொல் கூடாது. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும், காலையிலும் மாலையிலும் செய்யலாம். சொன்னதும் போய் ஏறத் தொடங்கிவிட்டால், படுத்த பிறகுதான் துண்டு. அதன்பின் நீங்கள் ஓர் எட்டு தள்ளிப் போய்த் திரும்புங்கள். அடுத்து அடுப்படிவரை, அதற்கடுத்து வாசலுக்கு வெளியே. திரும்பி வரும்போது அவள் கட்டிலிலேயே இருந்தால் துண்டு. எழுந்துவிட்டால் திட்டாதீர்கள். நீங்கள் அவசரப்பட்டுத் தூரம் போய்விட்டீர்கள், அவ்வளவுதான். ஒரு படி இறங்கி மறுபடி தொடங்குங்கள்.

நீங்கள் காட்டுக்குக் கிளம்பும் நேரமும் முக்கியம். காலையில் அரை மணி நேரமாவது அவளைக் காட்டுப் பக்கம் கூட்டிப்போய் நடக்கவிடுங்கள், பாதுகாப்பான இடமாக இருந்தால் ஓடவிடுங்கள். இந்த இனத்துக்கு ஓட்டம்தான் உயிர். ஓடிக் களைத்து, கொஞ்சம் ஆறிய பிறகு சாப்பிட்ட நாய் படுத்த இடத்தில் தூங்கும். கிளம்பும்போது கேழ்வரகுக் களியைச் சின்னச் சின்ன உருண்டையாக்கிச் சாக்கின் மடிப்புக்குள் ஒளித்துவிட்டுப் போங்கள். மோந்து மோந்து தேடி எடுத்துத் தின்றுவிட்டு அங்கேயே சுருண்டுவிடுவாள். கொட்டாங்குச்சியையும் தேங்காய் மட்டையையும் கடிக்கக் கொடுக்காதீர்கள். சில்லும் நாரும் குடலில் அடைத்துக்கொண்டால் அறுவைச் சிகிச்சைவரை போகும்.

என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால், பழைய செல்போன் ஒன்றை அலமாரியில் சாய்த்து வீடியோ ஓடவிட்டுப் போங்கள். நீங்கள் போனதும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் படுத்துத் தூங்கினால் கவலை இல்லை. எச்சில் ஒழுக இங்கும் அங்கும் நடப்பது, கதவைப் பிறாண்டுவது, வீட்டுக்குள்ளேயே மூத்திரம் பெய்வது இதெல்லாம் தெரிந்தால் விஷயம் வேறு. அது தனிமை தாங்காத நாய், மருத்துவரிடம் காட்ட வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ராணிக்கு அப்படித் தெரியவில்லை.

இனி உங்கள் பையன். ஞாயிற்றுக்கிழமை ஏற்றிக்கொள்வது பாசத்தில்தான், அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ராணிக்கு நாட்காட்டி தெரியாது. வாரத்தில் ஒருநாள் கிடைத்தாலும், இன்று கிடைக்குமா என்று எல்லா நாளும் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். எப்போதாவது கிடைக்கும் ஒன்றை நாய் எளிதில் கைவிடாது. பையனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு உட்காரச் சொல்லுங்கள். அவளைக் கொஞ்ச வேண்டிய இடம் அதுதான். அம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மிளகாய்ப்பொடி கண்ணிலும் மூக்கிலும் ஏறினால் அவள் காலால் தேய்த்துத் தேய்த்துக் கருவிழியைப் புண்ணாக்கிக்கொள்வாள். பாச்சை உருண்டை போடுவது அதைவிட மோசம், ஒன்றை விழுங்கினாலும் ரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஃபினாயிலைத் தெளித்தால் பாதத்தில் ஒட்டி, நக்கும்போது வயிற்றுக்குள் போகும்.

சங்கிலி விஷயம். காலையிலிருந்து நாலு மணிவரை கட்டிக்கிடக்கும் நாய் மூர்க்கமாகிவிடும், குரைப்பும் கூடும். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11-ஆவது பிரிவு, அளவுக்கு மீறிய நேரம் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் பிராணியைக் கட்டுவதையும், வழக்கமாகக் கட்டிவைக்கும் நாயை நடக்க ஓட விடாமல் இருப்பதையும் குற்றம் என்றே சொல்கிறது. வெளித் தாழ்வாரத்தில் விட்டுப் போவதென்றால் விடலாம், ஆனால் சாயங்காலம்வரை நிழல் இருக்கிறதா என்று ஒருநாள் நின்று பார்த்துவிடுங்கள். தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ போட்ட அடைப்பு கோடையில் ஆகவே ஆகாது. நாயின் உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். அது 106-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. மூச்சிரைத்துத்தான் நாய் சூட்டைத் தணித்துக்கொள்ளும். காற்றில்லாத இடத்தில் அதுவும் பலிக்காது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. சோபாவில் முடி இருக்கிறது என்றால் உண்ணி இருக்கிறதா என்றும் பாருங்கள். மெத்தையின் தையல் ஓரத்தை விரித்து, டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே பல்கிப் பெருகும். ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால் வரும் உண்ணிக் காய்ச்சல் நாயின் ரத்தத்தட்டுகளைக் குறைத்து, மூக்கில் ரத்தம் வரும் அளவுக்குக் கொண்டுபோகும். மெத்தை உறையைக் கொதிநீரில் அலசி வெயிலில் போடுங்கள். ராணியின் கயிற்றுக் கட்டிலையும் வாரம் ஒருமுறை வெயிலில் சாய்த்து, மூட்டைப்பூச்சிக்கு ஊற்றுவதுபோல் மூட்டு இடுக்குகளில் கொதிநீர் ஊற்றுங்கள். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தை அளவு தெரியாமல் அவள் மேல் தடவ வேண்டாம். பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப்போய், எடை பார்த்து உண்ணி மருந்தும் குடற்புழு மருந்தும் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வருட வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.