கொட்டை கப்பலேறிய பிறகு நஷ்டம் யாருடையது?

கேள்வி: ஐவரி கோஸ்டிலிருந்து முதன்முறையாக ஒரு கன்டெய்னர் முந்திரிக்கொட்டை வாங்குகிறேன். தூத்துக்குடி வரை கப்பல் கூலி விற்பவருடையது. எல்.சி. (விற்பவருக்கு வங்கி தரும் பண உத்தரவாதக் கடிதம்) திறந்துவிட்டால் பயமே இல்லை என்கிறார் தரகர். நம்பலாமா?
- முந்திரி ஆலை உரிமையாளர், பண்ருட்டி

பதில்: நம்பாதீர்கள். எல்.சி.யில் வங்கி பார்ப்பது காகிதத்தை மட்டும்தான், மூட்டையைப் பிரித்துப் பார்க்காது. காகிதம் சரியாக இருந்தால், உள்ளே பூஞ்சை பிடித்த கொட்டை இருந்தாலும் பணம் போய்விடும். அதனால் கப்பலேற்றும் இடத்தில் மூன்றாம் தரப்பு ஆய்வு நிறுவனம் தரும் சான்றிதழையும் எல்.சி. கேட்கும் ஆவணங்களில் சேர்க்கச் சொல்லுங்கள். ஈரப்பதம், கிலோவுக்கு எத்தனை கொட்டை, 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு என்ற மூன்றும் அதில் எண்ணாக இருக்க வேண்டும். 48 பவுண்டு என்று பேசி 46 வந்தால், 16 டன்னுக்குச் சுமார் 180 கிலோ பருப்பு குறைகிறது. தூத்துக்குடியில் மறுபடி மாதிரி எடுத்து, குறையும் ஒவ்வொரு பவுண்டுக்கும் விலையைக் குறைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கப்பல் கூலியை விற்பவர் கட்டுவதால் பொறுப்பும் தூத்துக்குடி வரை அவருடையது என்று பலர் நினைக்கிறார்கள். சரக்கு விலையோடு கப்பல் கூலியும் சேர்ந்த இந்த சி.எஃப்.ஆர். விலையில் அப்படி இல்லை. அபிஜான் துறைமுகத்தில் சரக்கு கப்பலேறிய நிமிடமே நஷ்டம் உங்கள் பக்கம் வந்துவிடும். இன்சூரன்ஸும் நீங்களே எடுக்க வேண்டும், அதுவும் கப்பல் கிளம்பும் முன். விலை குறைவு என்று, மிகக் குறைந்த காப்பு தரும் ‘சி’ வகை பாலிசியை எடுக்காதீர்கள். கன்டெய்னருக்குள் கடல்நீர் புகுந்தால்கூட அது தராது. அதிகக் காப்பு தரும் ‘ஏ’ வகை எடுங்கள். ஆனால் கப்பல் தாமதமானதால் வரும் நஷ்டத்தையும், கொட்டையின் சொந்த ஈரத்தால் வரும் பூஞ்சையையும் ‘ஏ’ வகையும் ஏற்காது. நன்றாகக் காய்ந்த கொட்டை, கன்டெய்னர் சுவரில் கிராஃப்ட் காகிதம், ஈரம் உறிஞ்சும் பைகள், இவைதான் அதற்குக் காப்பு.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் ஆறு நாள் சிக்கியபோது, மீட்புச் செலவில் சரக்கு உரிமையாளர்களும் பங்கு தர வேண்டியிருந்தது, சரக்கு சேதமாகாதவர்கள் உட்பட. பாலிசி இருந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் உத்தரவாதம் தரும். இல்லாவிட்டால் ரொக்கம் கட்டினால்தான் கன்டெய்னர் கைக்கு வரும்.

டாலரையும் கவனியுங்கள். 24,000 டாலர் பில்லில் டாலருக்கு இரண்டு ரூபாய் ஏறினால் 48,000 ரூபாய் கூடுதல். எல்.சி. திறக்கும் அன்றே, பணம் கட்டவேண்டிய தேதிக்கு டாலர் விலையை முன்கூட்டியே உறுதி செய்யும் ஃபார்வர்டு ஒப்பந்தத்தை வங்கியில் போட்டுவிடுங்கள். டாலர் இறங்கினால் லாபம் போகுமே என்று காத்திருப்பது சூதாட்டம். உங்கள் தொழில் பருப்பு உடைப்பது.

கேள்வி: மகனுக்கு சவுதியில் வெல்டர் வேலை. இப்போது விசிட் விசாவில் போகட்டும், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். பையன் பத்தாவது முடிக்கவில்லை.
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: அனுப்பாதீர்கள் அம்மா. பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். (குடியேற்ற அனுமதி தேவை) என்ற குறிப்பு இருக்கும், சவுதி உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி கட்டாயம். விசிட் விசாவில் போனால் அந்த அனுமதி கிடையாது. சம்பளம் நின்றால் காட்ட ஒப்பந்தமும் இருக்காது. முறைப்படி போனால் அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீட்டுத் திட்டத்தில் 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு. இரண்டு ஆண்டுக்கு பிரீமியம் 275 ரூபாய்தான். ஏஜென்டின் உரிம எண்ணை வாங்கி அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. ரசீது தர மறுத்தால் பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிவிடுங்கள்.